சந்திரகலா வாய் திறந்த நாள்

சாமியார்களைத் தேடி ஊருக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்ட மாடி அறைகளின் போர்வைகளைச் சந்திரகலாதான் துவைப்பாள், வாய் ஓயாமல். துணியைக் கல்லில் அடித்தபடியே செங்கம் ரோட்டிலிருந்து திரும்பும் ஆட்டோக்காரனை ஏசுவாள். கீரைக்காரியிடம் பேரம் பேசுவாள். புருஷன் செத்த பிறகு அந்த வீட்டைக் கட்டியதும், மகள் கவியாவைப் படிக்கவைத்ததும் அந்த வாய்தான்.

போன ஆடியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சு, வீங்கிய கன்னம். கூடத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மாடியில் குடியிருந்த ராமதாஸ் இறங்கி வந்தவர், கைகூப்பி நின்றுவிட்டார்.

"மாதா மௌனத்துல இருக்காங்க! முகத்துல என்ன தேஜஸ் பாருங்க!"

மற்ற அறைக்காரர்களும் வந்து எதிரே அமர்ந்தார்கள். யாரோ மடியில் பூ வைத்தார்கள். அதுவரை அவளைக் கண்டு எவரும் எழுந்துகூட நின்றதில்லை. சில நாளில் பல் வலி போய்விட்டது. அவள் வாய் திறக்கவில்லை.

"வலிதான் போயிடுச்சே, பேசேம்மா," என்றாள் கவியா. "போர்வையெல்லாம் நாறுது."

சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாதாவுக்கு எதுக்குங்க வீட்டுக் கவலை?" என்று தொடங்கினார் ராமதாஸ். பிறகு, வீட்டை ஆசிரமமாக்கி அறக்கட்டளைக்கு எழுதிவைக்கலாம் என்றார். அறக்கட்டளை என்றால் அவரும் அவர் மச்சானும். அவள் புன்னகைத்துவைத்தாள். ஒருநாள் ராமதாஸ் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து அறிவித்தார்:

"நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் போறோம். மாதாவுக்கு முழு சம்மதம். வேணாம்னா இந்நேரம் சொல்லியிருப்பாங்கல்ல?"

கூட்டம் தலையாட்டியது. மாதா, தேஜஸ் என்று அந்த ஆள் சொன்னதில் பாதியைத் தானும் நம்பியிருந்தது நினைவுக்கு வர, சந்திரகலாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மடியிலிருந்த பூவை உதறி எழுந்தாள்.

"யோவ்! எவன்யா சொன்னான் மௌனம்னு? பல்லு புடுங்கி, பஞ்சு வெச்ச வாய்யா இது! தேஜஸாம் தேஜஸு, வீக்கம்யா அது! உன் மச்சானுக்குக் குடுக்கவா இந்த வூட்டக் கட்டினேன்? ரூம காலி பண்ணு!"

அந்தக் குரல் செங்கம் ரோடு வரை போயிருக்கும். "அப்பாடா, எங்கம்மா வந்துட்டாங்க!" என்று கவியா கை தட்டினாள். அறைக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

ராமதாஸ் விடவில்லை. "பாத்தீங்களா? இந்தக் கோபத்துலயும் ஒரு தெய்வீகம் தெரியல?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

சந்திரகலா கவியாவிடம் சோப்புத்தூள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அறைக்காரர்கள் அழுக்குப் போர்வைகளை எடுத்துவர எழுந்தார்கள். ராமதாஸ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியேறினார்.