தாங்காதுன்னு சொன்ன நாள்

எங்க ஆபீஸ் தி. நகர்ல, ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில. வேலை மட்டும் ஐரோப்பாவுக்கு. அங்க பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வருது. இனிமே அவங்க மண்ணுலேயே எடுக்கணும்னு அங்க ஒரு கம்பெனி கிளம்பிச்சு. பூமிக்கு அடியில இருக்கிற சூடான உப்புத் தண்ணிய மேல இழுத்து, பாசிமணி மாதிரி சின்னச் சின்ன மணிகள் வழியா விட்டா, லித்தியம் அந்த மணியில ஒட்டிக்கும். சோதனை ஆலை அங்க. அதோட இன்ஜினியரிங் கணக்கு பாக்கிறது இங்க நாங்க எட்டு பேர். அது ஓடினா பெரிய ஆலை வரும், எங்களுக்கும் வேலை இருக்கும். அது படுத்துட்டா நாங்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த மணிகள் மேல உப்புப் படிவு ஏறுதுன்னு எனக்கு முதல்லயே தோணிச்சு. எங்க வேளச்சேரி போர் தண்ணியில ஹீட்டர் கம்பி வெள்ளையாப் பூத்துப் போகுமே, அதே கதை. அங்கேருந்து வர்ற ரீடிங்ல அழுத்தம் ஏறிக்கிட்டே போச்சு, பிடிபடுற லித்தியம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. டீம் லீட்கிட்ட காட்டினேன். மனுஷன் நல்லவர்தான். ஆனா கிளையன்ட்கிட்ட முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. எங்க தொழில்ல யாருக்குமே வராது, அது ஏதோ மரியாதைக் குறைச்சல் மாதிரி. பண்ணிடலாம் சார்னு முதல்ல சொல்லிடுவோம், அப்புறம் கண்ணு முழிச்சு சரிபண்ணுவோம். டிராயிங்னா சரிபண்ணலாம். பாறைக்குள்ளேருந்து வர்ற தண்ணி நம்ம ஓவர்டைமுக்கு அடங்குமா?

அன்னிக்கு வீடியோ கால்ல அங்கத்து இன்ஜினியர் நேராக் கேட்டார், மணிகள் ஒரு வருஷம் தாங்குமான்னு. தாங்கும்னார் டீம் லீட், கொஞ்சம்கூட யோசிக்காம. எனக்கு வந்த கோவத்துல பயமே மறந்துபோச்சு. மைக்கை ஆன் பண்ணினேன்.

"தாங்காது சார். படிவு ஏறுது."

அப்புறம்தான் அந்த இன்ஜினியர் விஷயத்தைச் சொன்னார். அங்க ஆலையில இருக்கிறவங்களும் இதையேதான் சொன்னாங்களாம். எங்க பேச்சை நம்பி அவங்க வாயை அடைச்சிட்டாராம். லித்தியம் தர்றதா ஒரு பேட்டரி ஆலையோட ஒப்பந்தமும் போட்டாச்சாம்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"னு கேட்டார்.

"ஆரம்பத்துலேருந்தே."

லைனைக் கட் பண்ணிட்டார்.

ரூம்ல ஒருத்தரும் என் பக்கம் திரும்பல. கீழே ஆடித் தள்ளுபடிக்கு மைக் கத்திக்கிட்டிருந்துச்சு. டீம் லீட் லேப்டாப்பை மெதுவா மூடினார்.

"உண்மையைச் சொல்லிட்ட, சரி. இனிமே நம்மள வெச்சிப்பாங்களா? அதையும் நீயே கேட்டுச் சொல்லும்மா."

திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் கெஞ்சற மாதிரி கேட்டார். நான் ஃபோனை எடுத்தேன், அந்த இன்ஜினியர் நம்பரையும் எடுத்தேன். அடிக்க விரல் வரல.