நண்டு வளை

எங்கள் ஊர் வடிகாலின் குறுக்கே ஒரு சின்ன மண் அணை. வெள்ளத்தைத் தடுக்கத்தான் கட்டினார்கள். பிறகு அதன்மேல் நடைபாதையும் சிமெண்ட் பெஞ்சுகளும் வந்தன. சாயங்காலம் அணைக்கு மேற்புறமுள்ள மேலூர்க்காரர்களும் கீழ்ப்புறமுள்ள நாங்களும் அங்கேதான் காலாற நடப்போம். ஐப்பசி மழை வலுத்தால் அந்தச் சிநேகிதமெல்லாம் போய்விடும். தங்கள் வயல் மூழ்கினால் மேலூர்க்காரர்கள் அணையை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் எங்கள் சம்பாப் பயிரின்மேல் ஏறும். அதனால் முறைபோட்டுக் காவல் காப்போம்.

அன்று காலை என் முறை. தினமும் என்னோடு பெஞ்சில் உட்காரும் மேலூர்க்காரர் ஒருவர், கொட்டும் மழையில் கரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கம்பால் கண்மண் தெரியாமல் அடித்தேன். தடுத்த கை ஒடிந்த சத்தம் மழையிலும் கேட்டது. விழுந்தவரை மிதித்தேன்.

"நண்டு வளைங்க, தண்ணி கசியுது! தோண்டினாத்தான் உள்ள வரைக்கும் அடைக்க முடியும். என்னைய அப்பறம் அடிங்க, மொதல்ல அதை அடைங்க."

"யார்கிட்ட கதை விடுற?" என்று வாயிலேயே இன்னொரு அடி.

அப்புறம்தான் அவர் பக்கத்தில் கூடை நிறையக் களிமண் இருப்பதைப் பார்த்தேன். அதற்குள் வளையிலிருந்து கலங்கல் தண்ணீர் பீறிட்டது. கூடையோடு தூக்கிக் கொட்டினேன். தண்ணீர் அதை வாரிக்கொண்டு போனது. பெஞ்சோடு கரை சரிந்தது.

மறுநாள் ஊர் கூடிக் கேட்டது. அவர் கரையைத் தோண்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். களிமண் கூடையைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் கம்போடு மேலூருக்குக் கிளம்பினார்கள். முன்னால் போனவன் நான்தான்.