மரத்த கையும் என் சாட்சியும்

திற்பரப்பு அருவியில் வழுக்கி விழுந்து முழங்கை உடைந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் கழுத்தோரம் ஊசி போட்டு, கைக்குப் போகும் நரம்புகளை டாக்டர் மரக்கவைத்தார். "நாளைக்கு காலையில மரப்பு விட்டிரும். அதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டிரணும்" என்று தெளிவாகத்தான் சொன்னார்.

மாலையில் எங்கள் சர்ச் சபையார் பார்க்க வந்தார்கள். "ஜெபத்தால ஒரு பொட்டு வேதனை இல்ல, பாத்தியளா" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டிச் சாட்சி சொன்னேன். ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்கள் எதிரில் நர்ஸ் நீட்டிய மாத்திரையையும் வேண்டாமென்று தள்ளினேன். பக்கத்துக் கட்டிலில், படகுக் கயிறு சுற்றி மணிக்கட்டு நொறுங்கிய மீனவர் ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். "விசுவாசம் இருந்தா வலி மாறும் ஓய்" என்று அவருக்கும் உபதேசித்தேன். அவர் என் கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

காலையில் காப்பி குடிக்கும்போது மரப்பு விட்டது. காய்ச்சிய கம்பியை எலும்புக்குள் செருகியதுபோல் இருந்தது. அலறினேன். குடித்த காப்பியை நெஞ்சிலேயே வாந்தி எடுத்தேன்.

அந்த மீனவர்தான் எழுந்துபோய் நர்ஸைக் கூட்டி வந்தார். தோளில் கிடந்த துவர்த்தால் என் வாயைத் துடைத்துவிட்டார்.

"எனக்கும் அதே ஊசிதான் போட்டாவ அண்ணே. நேத்து விடிஞ்சப்ப நானும் இப்படித்தான் துடிச்சேன். நல்லா சத்தம் போடுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

முந்தின மாலையே, அத்தனை பேர் முன்னிலையில், அவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

கை சரியாகிவிட்டது. சபையில் இப்போதும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். எழுந்து நின்று வாயைத் திறந்தால், முதலில் அந்த வாந்தி நாற்றம்தான் வருகிறது.