அக்காவின் எழுத்தும் அத்தானின் குரலும்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அக்கா தன் ஊரான எப்போதும்வென்றானுக்குத் திரும்பியபோது அவளுக்குக் குரல் இல்லை. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் ஏதோ அவளுக்குக் காது கேட்காததுபோலக் கத்திப் பேசினார்கள். ஃபோனைத் திறந்தால் சொந்தக்காரர்களின் குழுவில் ஆறுதலும் சாமி படமுமாக வந்து குவிந்தன. ஒருநாள் அந்தச் செயலியையே அழித்துவிட்டாள்.

நான் கோவில்பட்டியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். என் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை, செய்தி அனுப்பிக்கொள்ள, சொந்த சாட் சர்வராக ஓடவிட்டிருந்தேன். அதில் அக்காவுக்கும் ஓர் இடம் கொடுத்தேன். வேறு யாரும் உள்ளே வர முடியாது என்று உறுதியான பிறகுதான் எழுத ஆரம்பித்தாள். மிளகாய்ச் செடி வாடுவதை, மூச்சு விடுவதற்காகப் போட்ட கழுத்துத் துளையில் கரிசல் தூசி போய் இருமுவதை, எல்லாவற்றையும் எழுதினாள். பேசுகிற காலத்தில் அவள் என்னிடம் இவ்வளவு சொன்னதில்லை.

பிறகு ஒருநாள், "ஒங்க அத்தானுக்கும் இதுலருந்தே எழுத முடியுமாடா?" என்று கேட்டிருந்தாள்.

அத்தான் கயத்தாற்றில் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அக்கா அழித்த அதே செயலிதான் அவருக்குத் தெரிந்தது. புதிதாக இன்னொன்றை ஃபோனில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. அதனால் என் சர்வரை அந்தச் செயலியோடு இணைக்க முயன்றேன். புது சிம் வாங்கி, பழைய ஃபோனில் அக்காவுக்குக் கணக்கு தொடங்கி, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். இணைப்பு பல தடவை அறுந்து, கடைசியில் அறுபடாமல் நிலைத்தது. அக்கா எழுதியது அத்தானுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

அத்தானிடமிருந்து குரல் பதிவாகவே பதில் வந்தது. நான் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா ஃபோனை என்னிடம் நீட்டிக் கேட்கும்படி சைகை காட்டினாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, "ஏட்டி, சாப்ட்டியா? நான் நல்லாருக்கேன்."

அவள் எவ்வளவு எழுதினாலும் அதே பதில்தான் வந்தது. "நான் எழுதுறது அவியளுக்கு முழுசாப் போகுதா?" என்று என்னிடம் கேட்டாள். சோதித்துப் பார்த்தேன். எல்லாம் போயிருந்தது.

அடுத்த முறை கோவில்பட்டியில் லோடு இறக்க வந்த அத்தான் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாப்ள, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவ இம்புட்டு எழுதுதா. பொண்டாட்டி எழுதுனத கிளீனர்ட்ட குடுத்து வாசிக்கச் சொல்ல முடியுமா?"

எழுத்தைக் குரலாக மாற்றும் வசதியைச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் ஊரைத் தாண்டிப் போன பிறகு அழைத்தார்.

"யாரோ ஒரு பொம்பள பேசுதா மாப்ள. அவ இப்படியா பேசுவா? வேண்டாம், நிப்பாட்டிரு."

நிறுத்திவிட்டேன்.

ஊருக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். என் முன்னால் உட்கார்ந்தே ஃபோனில் எழுதிக் காட்டினாள்: "அவியளுக்கு வாசிக்கச் செரமம்னு எனக்குத் தெரியாதா? எனக்காக ஒக்காந்து மெதுவா வாசிக்கட்டும்னுதான் எழுதுனேன்."

அதன்பின் அவள் அவருக்கு நீளமாக எழுதவில்லை. "சாப்ட்டியா" என்று குரல் வரும். "ம்" என்று இவள் எழுத்துப் போகும். கரண்ட் போய் வந்தால் நான் முதலில் அந்த இணைப்பைத்தான் சரிபார்க்கிறேன். அது ஒழுங்காக ஓடுகிறது. எனக்கும் அக்கா எழுதுவது குறைந்துவிட்டது. நானாகக் கேட்டால், "என்னத்த எழுத" என்று மட்டும் வருகிறது.