அப்பா சொன்ன ப்ரீதர்

எங்கள் வீட்டில் நல்ல செய்தி தமிழில் வரும். கெட்ட செய்தி ஆங்கிலத்தில் வரும். இது அப்பாவின் ஏற்பாடு.

அப்பா கண்டோன்மெண்டில் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். பல வருஷம் ஒரே துரையின் கீழ் வேலை பார்த்தவர். சுதந்திரம் வந்த வருஷம் துரை கப்பலேறிப் போய்விட்டார். அவருடைய பேச்சு மட்டும் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அந்தத் துரை ஓர் ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட ‘நிறுத்திவிட்டேன்’ என்று சொல்ல மாட்டாராம். வேறு எதையோ இதமாகச் சொல்லிக் கைகொடுத்து அனுப்புவாராம். “அதுதாம்மா மேனர்ஸ்” என்பார் அப்பா. வேலை போனவன் வீட்டுக்குப் போய் என்ன சொன்னான் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பதினான்கு வயதில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சாயங்காலம் வளையப் பந்து ஆடுவேன். ஒருநாள் அப்பா வாசல் கேட் அருகே வந்து நின்று, “லெட் அஸ் கால் இட் எ டே” என்றார். இன்றைக்கு இவ்வளவு போதும் என்பதுதானே அதற்கு அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் வளையம் அதன் ஆணியில் இல்லை. அதற்குப் பிறகு நான் எதுவும் ஆடவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் வேதாகமத்தை வருஷத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடிப்பாள். அவளுடைய படிப்பு அதோடு சரி. அப்பா ஆங்கிலத்தில் எதையாவது சொல்லிவிட்டு உள்ளே போனதும் அடுப்படியிலிருந்து, “அப்பா என்னடி சொன்னாரு?” என்பாள். எனக்கு வந்த தடையை நானே தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலையைப் போல் எரிச்சலான வேலையை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

நான் இண்டர்மீடியட் தேறி, பி.ஏ. முதல் வருஷமும் முடித்தேன். என் தம்பி என்னைவிட ஒரு வயது சின்னவன். அந்த ஜூன் மாதம் அவன் இண்டர்மீடியட்டில் தவறிவிட்டான். அவன் ஒன்றும் கவலைப்படவில்லை. மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்னி ஷோவுக்குப் போய்விட்டான். கவலைப்பட்டவர் அப்பாதான். அக்கா பி.ஏ. இரண்டாம் வருஷம் போக, தம்பி அதே பெஞ்சில் மறுபடி உட்காருவதா? அவன் மனசு உடைந்துவிடாதா? என் மனசு எதனால் செய்தது என்று அவர் நினைத்திருந்தாரோ தெரியாது.

அன்று சாயங்காலம் முன்வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, “டேக் எ ப்ரீதர், மை டியர். ஜஸ்ட் எ இயர்” என்றார்.

வழக்கம்போல் அம்மா கேட்டாள். நான் வழக்கம்போல் சொன்னேன்.

“ஒரு வருஷம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கச் சொல்றாரும்மா.”

“மூச்சு வாங்கற வயசாடி உனக்கு?”

அம்மா அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு ரசத்துக்குத் தாளித்தாள். அவள் அப்பாவிடம் போய் அதையே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். அவள் மேல் எனக்குள்ள கோபம் முழுக்க ஆறவில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பாவின் கடிதங்களுக்கெல்லாம் நல்ல பிரதி எடுப்பது நான்தான். கல்லூரிக்கும் கடிதம் எழுத என்னையே உட்கார வைத்தார். ‘என் மகள் படிப்பிலிருந்து ஓராண்டு இளைப்பாறுகிறாள், அவளுடைய இடத்தைத் தயவுசெய்து வைத்திருக்கவும்’ என்று அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மையொற்றும் தாள் வைத்து ஒற்றி, உறையில் போட்டு, விலாசமும் எழுதினேன். இடத்தை வைத்திருக்கச் சொல்கிறாரே என்று எனக்கு நன்றியாகக்கூட இருந்தது. ஆபீஸ் போகும் வழியில் தானே தபாலில் சேர்ப்பதாக வாங்கிக்கொண்டார்.

என் புத்தகங்களுக்குப் புதிதாகப் பழுப்புத்தாள் அட்டை போட்டேன். இரண்டாம் வருஷப் பாடங்களைத் தோழி ஒருத்தியின் நோட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டேன். அடுத்த ஜூன் வந்தது. தம்பி மறுபடியும் தவறினான். “என் காலேஜ், அப்பா?” என்று கேட்டேன். “ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்” என்றார். அவசரப்படாதே என்பதற்கு துரைமார் சொல்வது.

“குதிரையை இழுத்துப் பிடிக்கணுமாம்” என்று அம்மாவிடம் சொன்னேன். “நம்மகிட்ட ஏதுடி குதிரை?” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கடுத்த ஜூனில், “லெட் இட் ரெஸ்ட் ஃபார் நௌ.” இப்போதைக்கு இருக்கட்டும். அதற்கும் அடுத்த ஜூனில் தம்பி படிப்பே வேண்டாமென்று ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். இனி யாருக்காகவும் நான் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “கால் இட் எ டே” என்றார்.

அன்று அம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அட்டை போட்ட புத்தகங்களைத் தோழியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. வீட்டோடு இருந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். முப்பது வயதை நெருங்கும்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. பி.ஏ. முதல் வருஷம் முடித்ததற்குச் சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்கக் கல்லூரிக்குப் போனேன்.

கிளார்க் வயதானவர், நல்ல மனிதர். பழைய ஃபைலைத் தட்டி எடுத்து என் பக்கம் திருப்பினார். “இதோ பாரும்மா, உங்க அப்பா லெட்டர்.”

நான் எழுதிய கடிதம் அதில் இல்லை. அதே தேதியில், அப்பாவின் சொந்தக் கையெழுத்தில், நான்கு வரி இருந்தது. என் மகள் படிப்பை நிறுத்திவிட்டாள், பெயரை நீக்கிவிடவும். அதில் ப்ரீதர் இல்லை, குதிரை இல்லை. துரையிடம் கற்ற இதம் எதுவும் இல்லை. நேராக எழுதவும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

“ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா சேர்த்திருப்பீங்களா?” என்று கேட்டேன்.

“பேஷா சேர்த்திருப்பாங்களேம்மா. மார்க்கெல்லாம் நல்லாத்தானே இருக்குது? யாரும் கேட்டு வரலையே.”

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. காக்ஸ் டவுன் வரை நடந்தே வந்தேன். நடந்ததில் கோபம் குறையவில்லை.

அப்பா அப்போது ரிட்டையர் ஆகியிருந்தார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பார்வை தேறவில்லை. தினமும் நாலரை மணிக்கு நான் அவருக்கு ஆங்கிலப் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும். அவருடைய நாளில் அவர் எதிர்பார்த்திருந்தது அது ஒன்றைத்தான். அன்றும் முகம் கழுவி, தலை வாரி, வராந்தா நாற்காலியில் தயாராக இருந்தார். பாதிப் பக்கம் படித்தேன். பிறகு பேப்பரை மடித்து அவர் மடியில் வைத்தேன்.

“நிறுத்திட்டேன்பா” என்றேன். தமிழில்தான் சொன்னேன். “காலேஜுக்கு நீங்க எழுதின லெட்டரைப் பார்த்துட்டு வரேன்.”

அவர் பேப்பரின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அவரும் தமிழிலேயே கேட்டார். “இன்னைக்கு மட்டுமா? இல்ல, இனிமேலேவா?”

நான் எழுந்து உள்ளே போனேன். அடுப்படியில் அம்மா என்ன என்று கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

மறுநாள் நாலரைக்கு அப்பா தலை வாரி வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும், மூன்றாம் நாளும் உட்கார்ந்தார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது நானோ என்று தலையைத் திருப்புவார். நான்காம் நாள் போய்ப் பேப்பரைப் பிரித்தேன்.

அவர் என்னை மூன்று வருஷம் அப்படிக் காக்க வைத்தார். எனக்கு மூன்று நாளுக்கு மேல் முடியவில்லை.