விண்வெளிப் போர்க்கப்பலுக்குப் போன என் சிக்னல்மேன்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே பின்னால் போய் நின்றுகொள்வேன். கிரேன் கேபினுக்குள் தனியாக உட்காரும் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தொழிற்சங்க மலருக்காகக் கேட்டார்கள். லோடு கவிழ்ந்தது, பெல்ட் அறுந்தது எல்லாம் மற்றவர்கள் நன்றாக எழுதுவார்கள். நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம் கேபினில் நடப்பதுதான்.

1. அந்தோணியும் நானும்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஹைட்ரா, அதாவது டயரில் ஓடும் கிரேன், ஓட்டுகிறேன். என் சிக்னல்மேன் அந்தோணி, காசிமேட்டுக்காரன். வயதில் நானும் அவனும் ஒன்று. பல வருடமாக ஜோடியாக வேலை செய்கிறோம்.

கேபினில் இருப்பவனுக்கு லோடின் அந்தப் பக்கம் தெரியாது. சிக்னல்மேனின் கையைத்தான் பார்க்க வேண்டும். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் உடனே நிறுத்து. தூக்கு, இறக்கு இரண்டையும் நம் சிக்னல்மேன் ஒருவன் காட்டினால்தான் செய்ய வேண்டும். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டுவருபவர் காட்டினாலும், நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும்.

அந்தோணி சிக்னல் காட்டும்போதே பாடுவான். லாரி டிரைவர்களை வம்புக்கு இழுப்பான். மழையில் நனைந்துகொண்டு நின்றாலும் சிரித்த முகம்தான். அவன் இருந்தால் யார்டில் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

2. கூப்பிட்டது என்னைத்தான்

யார்டில் காலியாகக் கிடந்த ஷெட்டை ஒரு வெப் சீரிஸ் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு ராணுவக் கப்பலின் கதை. அந்தக் கப்பலுக்குள் சின்னச் சின்னப் போர் விமானங்கள் நிற்கும். அதில் ஒன்றை ஓட்டுகிற பைலட், சண்டைக்குப் போகும்போதும் கிண்டலடித்துக்கொண்டே போகிற ஆள். கப்பலின் உள்பக்கத்தை பிளைவுட்டிலும் தெர்மாகோலிலும் கட்டினார்கள். விமானம் ஒன்றே ஒன்று, இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர். நாங்கள் அதைக் குருவி என்போம். அதை ஹைட்ரா கொக்கியில் மாட்டி, பறப்பது போல ஏற்றி இறக்குவது எங்கள் வேலை.

ஆள் உட்கார்ந்த லோடை நாம் தூக்கக் கூடாது. நான் முடியாது என்றேன். உட்காருகிறவருக்குத் தனிக் கம்பியும் பெல்ட்டும் போட்டு, கீழே மெத்தை விரித்து, ஆள் உயரத்துக்கு மேல் போவதில்லை என்று பேசி முடித்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் குருவி ஆடிய ஆட்டத்தில் பைலட்டாக நடிக்க வந்தவர் வாந்தி எடுத்தார். காரில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். கிரேனை விட்டு இறங்கி நின்ற என்னிடம் வந்தார்.

"அண்ணே, உங்க முகம் நல்லாருக்கு. ஏறி உக்காருங்களேன், ஒரு டெஸ்ட் பாப்போம்."

காது இரண்டும் சூடாகிவிட்டது. "எனக்கு வராது சார், அந்தோணி பண்ணுவான்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அந்தோணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். கேமராவைப் பார்த்து, "யாருனா நடுவுல எறங்கணும்னா இப்பயே சொல்லிடு நைனா, அப்பால ஸ்டாப்பிங் கெடையாது" என்றான். ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து அவன்தான் பைலட்.

3. நீல டிரெஸ்

கழுத்து வரை ஜிப் வைத்த நீல டிரெஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டதும் அவன் தொப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. மேக்கப் போடுகிற பெண் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அவன் நெற்றியை ஒற்றி எடுத்தாள். நடிகர்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். நான் கேபினிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவன் கூப்பிடத்தான் செய்தான். நான் போகவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி காய் நறுக்கியபடியே கேட்டாள்: "மொதல்ல உன்னதான கேட்டாங்கோ?" ஆமாம் என்றேன். அவள் அடுத்த காயை எடுத்து நறுக்கினாள். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் இல்லாததால் எனக்கு சிக்னல் காட்ட ஆள் இல்லை. ஓர் உதவி டைரக்டர் வாக்கி டாக்கியில் "மேலே, கீழே" என்று சொல்வார். ஒரு ஷாட்டில் குருவி அசையாமல் நிற்க வேண்டும், அந்தோணி சிரித்தால் போதும். அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கையைத் தூக்கி, போகலாம் என்பது போல விரலைச் சுற்றினான். என் கை தானாக லிவரை இழுத்தது. குருவி ஜிவ்வென்று மேலே போனது.

டைரக்டர் கத்த வாயெடுத்தார். ஆனால் மானிட்டரில் போட்டுப் பார்த்ததும் கைதட்டினார். பைலட் சிரிக்கிற அதே நொடியில் விமானம் கிளம்புகிறதாம், எழுதி வைத்தால்கூட இப்படி வராதாம். எல்லோரும் அந்தோணியின் தோளைத் தட்டினார்கள். கிரேன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அன்று என் வயிறு எரிந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தூக்கியது நான்.

இனி வாக்கி டாக்கியில் வரும் குரலை மட்டும் கேட்க வேண்டும், அந்தோணியின் கையைப் பார்க்கவே கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

4. கடைசி ஷாட்

மீதிக் கதையை ஹைதராபாத்தில் எடுப்பதாக இருந்தது. அதற்கு அந்தோணியையே கூட்டிப்போகலாமா, பெயர் தெரிந்த நடிகரைப் போடலாமா என்று முடிவு செய்யத் தயாரிப்பாளரே கடைசி நாள் வந்து உட்கார்ந்தார். அந்தோணியின் மனைவியும் வந்திருந்தாள். இந்த ஒரு ஷாட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவன் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தான். "பாத்து தூக்கு மாமு."

போர்க்கப்பல் பின்னால் எரிகிறது. பைலட் சிரித்துக்கொண்டே கடைசியாகக் கிளம்புகிறான். செட்டை நிஜமாகவே கொளுத்துவதால் ஒரே டேக்தான். தண்ணீர் லாரி பக்கத்தில் நின்றது.

தீ வைத்தார்கள். "மேலே" என்று குரல் வந்தது. தூக்கினேன். குருவி அழகாக ஏறியது. பாதி உயரத்தில் அந்தோணி, பெல்ட்டும் கம்பியும் மாட்டியபடியே, இருக்கையில் எழுந்து நின்றான். சிரித்தபடி இரண்டு கையையும் அகல விரித்தான்.

நான் நிறுத்திவிட்டேன்.

வாக்கி டாக்கியில் "மேலே, மேலே" என்று கத்தினார்கள். நான் லிவரைத் தொடவில்லை. குருவி பாதியில் தொங்கியது. பின்னால் கப்பல் எரிந்து விழுந்தது. தண்ணீர் அடித்து அணைத்தார்கள்.

டைரக்டர் கேபினுக்குக் கீழே வந்து நின்றார். "ஏன் நிறுத்துனீங்க?"

"கைய விரிச்சாரு சார்."

"கையப் பாக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? அது நடிப்புங்க." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "அவர் மேல உங்களுக்குப் பொறாமையா?"

அத்தனை பேரும் பார்த்தார்கள். தயாரிப்பாளரும், அந்தோணியின் மனைவியும் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறாமை இருந்ததே.

அந்தோணிதான் குருவியிலிருந்து குரல் கொடுத்தான். "சார், கைய விரிச்சது நானு. விரிச்சா அவன் நிறுத்துவான். நிறுத்தலன்னாதான் தப்பு. மொதல்ல என்ன கீய எறக்க சொல்லு." கீழே வந்ததும் நேராக டிரெஸ்ஸைக் கழற்றப் போனான்.

சாயங்காலம் ஹைட்ராவின் டயர் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் பாதி மேக்கப் அப்படியே இருந்தது.

"மாமு, நெசத்த சொல்லு. எம்மேல காண்டுல கீறியா?"

"கீறேன்."

"எப்போலேர்ந்து?"

"நீ அந்த டிரெஸ்ஸ போட்டதுலேர்ந்து."

"எனக்கு அதுக்கு முன்னாடியே. அந்த ஆளு உன்னாண்ட வந்து மூஞ்சி நல்லா கீதுன்னான் பாரு, அப்பவே எனக்கு வவுறு எரிஞ்சிது. நாள் பூரா ஆடிகினு பாடிகினு கீறவன் நானு, உன்ன போய் கூப்புட்றான்." கன்னத்து மேக்கப்பைப் புறங்கையால் துடைத்தான். "நிறுத்துனப்போ அந்த காண்டு இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "அப்போ உன் கைதான் தெரிஞ்சிது. வேற ஒண்ணும் தெரியல."

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். லோடில் உட்கார்ந்திருப்பவன் சிக்னல்மேனாக இருக்கக் கூடாது. அவன் வேறு எதற்குக் கையை ஆட்டினாலும் உங்களுக்கு சிக்னலாகத்தான் தெரியும். அதற்காக நிறுத்து என்று தெரிந்த கையை எடை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இன்னொன்று. கூட வேலை செய்கிறவன் மேல் பொறாமை வந்தால் அதை அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். கேபினுக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தால், நீங்கள் சரியாகச் செய்ததைக்கூட சரிதான் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

மறுநாள் குருவியைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினோம். அந்தோணி சிக்னல் காட்டினான், நான் தூக்கினேன். பைலட் வேடத்துக்கு வேறு ஆளைப் பேசியாயிற்று என்று கம்பெனி மேனேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் கன்டெய்னர் வேலை இருந்தது.