கூரைக்குக் கீழே மேற்கு

நான் எழுதிய நாவலில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆகாயம் தெரியாதபடி மூடிய ஒரு நகரம். நாற்பது தளங்கள், தளத்துக்கு நூறு அறைகள், எல்லாம் ஒரே அச்சு. வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவரப்படுகிறவர்களின் பழைய நினைவை அரசாங்கம் அழித்துவிடும். எழுபத்துமூன்று வயதில் முதல் நாவல். கையெழுத்தில் இருநூற்று எண்பத்துநான்கு பக்கம்.

கடைசி அத்தியாயம்தான் தொந்தரவு. கதாநாயகி தான் யாரென்று உணர வேண்டும். பதிப்பாசிரியர் இரண்டு தடவை பிரதியைத் திருப்பி அனுப்பினார், இரண்டு தடவையும் ஒரே கேள்வியோடு. எல்லாம் அழிந்த பிறகு இவளுக்கு எப்படி நினைவு வருகிறது? முதலில் அவள் கையில் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்தேன். பிறகு ஒரு கனவைக் கொடுத்தேன். இரண்டும் பொய் என்று எனக்கே தெரியும். மூன்றாவது தடவையும் இப்படியே இருந்தால் வேண்டாம், வெள்ளிக்குள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று புதன்கிழமை காலை எட்டு மணி. வெள்ளிக்கு இரண்டே நாள்.

வேறு வழியில்லாமல் பிரதியை மனைவியிடம் கொடுத்தேன். நெய்யூர்க்காரி, முப்பத்தைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். எதையும் மருந்துச்சீட்டை வாசிப்பதுபோல்தான் வாசிப்பாள். சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தாள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் சிரித்தாள். அது சிரிக்க வேண்டிய பக்கமே இல்லை.

"இஞ்ச பாருங்க. இவுங்களுக்கு ஆகாயமே தெரியாதுன்னு எழுதியிருக்கிய. பின்ன இவ, கட்டில மேக்க நீக்கிப் போடுன்னு சொல்லுதா. மேக்கு எதுன்னு இவளுக்கு யாரு சொன்னா?"

கைத்தவறு என்றேன். அவள் விடவில்லை. எழுபத்தொன்பதாம் பக்கத்தில் ஒருத்தி வாளியைத் தெற்கே வைக்கிறாள், நூற்றிரண்டில் ஒருத்தி கிழக்கே பார்த்து உட்காரச் சொல்கிறாள் என்று பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினாள். "சூரியன எங்கயாம் ஒளிச்சு வச்சிருக்கியளோ?" என்று வேறு கேட்டாள்.

பிரதியைப் பிடுங்கி எண்ணினேன். இருபத்துமூன்று இடம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு அப்படி, இடது வலது என்று சொல்லாமல் திசையைத்தான் சொல்வோம். இலையில் கறியைக்கூட வடக்கே தள்ளி வைப்போம். இவளே நோயாளிகளைத் தெற்கே திரும்பிப் படுங்கள் என்று சொல்லி வந்தவள்தான். ஆகாயமும் திசையும் இல்லாத ஒரு நகரத்தை மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டினேன். அதற்குள் நான் வளர்ந்த இராஜாக்கமங்கலத்து வீட்டை எனக்குத் தெரியாமலே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்!

ஒவ்வொன்றாக அடித்துவிட்டு இடது, வலது என்று எழுத ஆரம்பித்தேன். ஒன்பதாவதை அடிக்கும்போது மெட்ராஸ் ஞாபகம் வந்தது. வேலைக்குப் போன முதல் மாதம். பேருந்தில் நெரிசல், ஜன்னலே தெரியவில்லை. முன்னால் நின்றவரிடம் கொஞ்சம் வடக்கே நீங்கி நிற்கச் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார். ஆனால் அவருக்கு அப்பால் நின்ற வேறொருவர் சட்டென்று நகர்ந்தார், சரியாக வடக்கே. தலையைத் திருப்பி, "நீ எந்த ஊரு மக்கா?" என்று கேட்டார். அவர் அருமனைக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம்தான். அதற்குள் பேருந்து நான்கு தடவை திரும்பியிருந்தது. நான்கு திருப்பங்களையும் எங்கள் இரண்டு பேர் உடம்பும் குறித்து வைத்திருக்கிறது. அவர் நகர்ந்து நின்ற அந்தக் கணம்தான், மெட்ராஸில் நான் யார் என்பது எனக்கே தெரிந்தது.

துள்ளி எழுந்தேன். நாற்காலி சாய்ந்து விழுந்தது. இது பிழையே இல்லை! ஊர் தலைக்குள் படமாக இருந்தால் அழித்துவிடலாம். நிற்பதிலும் திரும்புவதிலும் இருப்பதை எந்த அரசாங்கம் அழிக்கும்? நான் புகைப்படத்தையும் கனவையும் தேடிக்கொண்டிருந்தபோது நாவலில் வருகிறவர்கள் இருபத்துமூன்று தடவை சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை.

அடித்த ஒன்பதையும் திரும்ப எழுதினேன். கனவைக் கிழித்தேன். மதியம் சாப்பிடவில்லை. இரண்டரை மணிக்குள் ஆறு பக்கம் ஓடிவிட்டது. உணவுக்கான வரிசை. நானூறு பேர் நிற்கிறார்கள். கதாநாயகி, இடிக்கும் ஒருத்தியிடம், மேற்கே நீங்கி நில் என்கிறாள். சொன்னவளுக்கே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கேட்டவள் அசையவில்லை. ஆனால் வரிசையின் வெவ்வேறு இடங்களில் ஏழு பேர் நகர்கிறார்கள், எல்லோரும் ஒரே பக்கமாக. ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். வண்டியில் வந்தபோது எடுத்த ஒவ்வொரு திருப்பமும் அவர்கள் காலுக்குத் தெரிந்திருக்கிறது. காவலர்களுக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை.

மனைவி இரண்டு தடவை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஏழு பேருதானா?"

ஏழு போதும் என்றேன்.

"எட்டாக்குங்க. ஒருத்தி நர்ஸா இருக்கட்டு."

எட்டாக்கினால் மூன்று பக்கம் மாற்றி எழுத வேண்டும் என்று முனகினேன். முனகிக்கொண்டே எழுதினேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு, தபால் நிலையத்தில் பக்கங்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு உறையை ஒட்டினேன்.

பதினோராம் நாள் பதிப்பாசிரியரிடமிருந்து போன் வந்தது. பழைய கேள்வியை அவர் கேட்கவே இல்லை. அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன், ஒரே ஒரு வேண்டுகோள், அந்த நர்ஸுக்கு இன்னும் நான்கு வரி கொடுங்கள் என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, நான்கு போதாது, ஆறு வரியாவது வேண்டும் என்றாள்.